கறுப்புக் கண்ணாடி போட்ட சாமி

அந்த வெள்ளைக்காரனை என் வீட்டைவிட்டுத் துரத்தியே தீருவது என்று ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணிக்குச் சபதம் எடுத்தேன். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு எடுத்த சபதம். அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் பெயர் விக்டர் ஹாலோ. பாடகன். ஆள் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்தான். தொண்டை மட்டும் மலாக்காவில், பத்து பெரண்டாமில், என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது.

நான் இங்கே ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் நைட் ஜாகா, ராத்திரிக் காவல்காரன். ஊர் தூங்கும்போது விழித்திருக்கச் சம்பளம் தருகிறார்கள். ஊர் விழித்திருக்கும்போது தூங்கத்தான் யாரும் விடுவதில்லை. பகலில் படுத்துக் கிடப்பவனை உழைப்பாளி என்று எவனும் நம்பமாட்டான். தபால்காரன்கூட ஜன்னல் வழியாகப் பார்த்து, 'ஐயோ பாவம், வேலை போயிடுச்சு போல' என்ற முகத்தோடு போகிறான். பக்கத்தில் ஏர்போர்ட். விமானம் கூரையைச் சீவிக்கொண்டு இறங்கும். அதற்குப் பழகிவிட்டேன். விமானம் ஒருமுறை கத்திவிட்டுப் போய்விடும். விக்டர் ஹாலோ கேசட்டின் இரண்டு பக்கமும் கத்துவான்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர் உள்ளே போனால்தான் எனக்குக் கண் சொருகும். சொருகிய கண்ணை அவன் பிடுங்கி வெளியே எடுப்பான்.

என் மகள் தாரணி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். காத்திருக்கிற வேலையைச் சத்தமாகச் செய்தாள்.

"தாரணி, சத்தத்தக் கொறம்மா. அப்பா தூங்கணும்."

"இந்தப் பாட்ட மெதுவா கேட்டா மீனிங்கே இல்ல லா, பா."

"சத்தமா கேட்டா மட்டும் என்னா மீனிங்?"

"கோவம் பா. உலகத்து மேல கோவம்."

"உலகம் அவன என்னா பண்ணுச்சு?"

"ஒங்களுக்குப் புரியாது லா."

மனைவியிடம் முறையிட்டேன். இருசம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வயசுப் புள்ள வீட்டுக்குள்ள இருக்கு. எவன் மோட்டார் பின்னாலயும் ஏறல. பாட்டுதான் கேக்குது. அதுவும் ஒங்களுக்கு ஆகலயா?"

"எனக்குத் தூக்கம் ஆகல."

"அதான் அங்க ஜாகா கொட்டாயில நாற்காலிய சாச்சுப் போட்டுத் தூங்கறீங்கள்ல. ஒரு ஆளுக்கு எத்தன தூக்கம்?"

ஜாகாக்களின் தொழில் ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தபடியே திரும்பி வந்தேன்.

உண்மையில் நான் அங்கே தூங்குவது கொஞ்சம்தான். படிப்பதுதான் அதிகம். ரெம்பியா பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன். மிச்சப் படிப்பையெல்லாம் பழைய பேப்பரில் படித்து முடித்தேன். அந்தப் புதன்கிழமையும் வேலைக்குப் போனதும் ஒரு பழைய ஞாயிறு மலர் கையில் கிடைத்தது. மேல்நாட்டுப் பாடகர்களைப் பற்றிய கட்டுரை. சிலுவையைக் கழுத்தில் போடுகிறார்களாம், காதில் போடுகிறார்களாம், மேடையில் கொளுத்துகிறார்களாம், அதன்மேல் ஏறி நிற்கிறார்களாம். பாதிரிமார்கள் கண்டனம் தெரிவிப்பார்கள். கண்டனம் வந்த மறுநாள் கேசட் பறக்கும். பறந்து முடிந்ததும் மறுபடி ஏறி நிற்பார்கள்.

எனக்குத் தாரணியின் அலமாரி ஞாபகம் வந்தது. கதவின் உட்புறம் ஒரு பெரிய போஸ்டர் ஒட்டியிருப்பாள். விக்டர் ஹாலோ சிலுவையில் கைவிரித்து நிற்பான். தலையில் முள்முடி. விலாவில் ரத்தம். முட்டிவரைக்கும் பூட்ஸ். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஆணியடித்த இரண்டு கையிலும் சேர்த்து எட்டு மோதிரம்.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். ஆயுதம் என் வீட்டிலேயே இருக்கிறது!

இருசம்மாள் முருகனைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் தாரணி மூன்று வயதில் காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள் என்று மலாக்கா சர்ச்சுக்கு நேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று மெழுகுவத்தி ஏந்தி ஊர்வலத்தில் நடக்கிறாள். அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. கிறிஸ்துவர்களே அசந்தாலும் இவள் அசரமாட்டாள். அந்த வருஷத் தவக்காலம் அந்தப் புதன்கிழமைதான் தொடங்கியிருந்தது.

இவள் கண்ணில் அந்தப் போஸ்டர் பட்டால்? ரேடியோ ரோட்டில் கிடக்கும். கேசட் குப்பையில் கிடக்கும். நான் கட்டிலில் கிடப்பேன்.

வியாழக்கிழமை காலை. மகள் டைப்பிங் கிளாஸ் போயிருந்தாள். மனைவி பாசாருக்குப் போயிருந்தாள். போஸ்டரை உரித்தேன். ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் செலோடேப் போட்டு ஒட்டினேன். கொஞ்சம் கோணல். போராட்டத்தில் அழகு பார்க்க முடியாது. ஒரு கிளாஸ் ஸ்டவுட்டை ஊற்றிக்கொண்டு, இடி இறங்கும் என்று காத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இடி இறங்கவில்லை. ஒரு மணிக்கு சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறித்தான் எழுந்தேன்.

ஹாலுக்கு ஓடினேன். விக்டர் ஹாலோவுக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தது. முள்முடிக்குக் கீழே சந்தனம், அதன்மேல் குங்குமம். எதிரில் ஒரு மெழுகுவத்தி. இரண்டு வாழைப்பழம்.

"இருசம்மா... என்னா இது?"

"நல்லாருக்கா? கொஞ்சம் கோணலா இருந்துச்சு. நேராக்கிட்டேன்."

"நல்லாப் பாரு. கண்ணாடி போட்டிருக்கான்."

"போட்டிருக்காரு."

"ரத்தம் வழியுதுடி!"

"மதுர வீரனுக்குக் கெடா வெட்டயில நான் பாக்காத ரத்தமா?"

"பூட்ஸு?"

"நம்ம முனியாண்டி போடலயா பூட்ஸு?"

அசந்துபோனேன். அந்த வெள்ளைக்காரன் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்! பாதிரிகளையும் பெற்றவர்களையும் அலற வைக்கிற வேஷம். ஆனால் நாங்கள் நாக்கைத் தொங்கவிட்டு, அறுத்த தலையைக் கையில் பிடித்து நிற்கிற அம்மனை விடியற்காலையில் கும்பிட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போன பரம்பரை. எங்கள் காளி பக்கத்தில் இவன் பாலர் பள்ளிப் பிள்ளை.

சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தாரணி உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதினேழு வயது மூளை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அப்பாதாம்மா சாமி படம் வாங்கிட்டு வந்திருக்காரு. சர்ப்ரைஸ் லா."

இருசம்மாள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"கட்டிக்கிட்டு பத்தொம்பது வருசம். இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்குன்னு ஒண்ணு யோசிச்சு வாங்கியாந்திருக்கீங்க."

பத்தொன்பது வருஷத்தில் முதல் பாராட்டு. அதை மறுத்துப் பேசும் தைரியம் எந்தக் கணவனுக்கு இருக்கிறது? திறந்த வாயை மூடிக்கொண்டேன். அங்கே பிடித்தது சனி.

மறுநாள் காலை ஐஸ்பெட்டியைத் திறந்தேன். கத்தரிக்காய் இருந்தது. என் பாட்டில்கள் இல்லை.

"ஸ்டவுட் எங்க?"

"கருவேப்பிலச் செடிக்கு ஊத்திட்டேன். நாப்பது நாளைக்கு வீட்ல அந்த வாடையே ஆகாது. சாமி பாக்குது."

"முனியாண்டிக்கு நீயே சாராயம் வெச்சுப் படைச்சிருக்க!"

"அவரு கேக்குறாரு, வெக்கிறோம். இவரு கேக்கல."

"ஏசு தண்ணிய ரசமாக்கினாரு, தெரியுமா? நான் படிச்சிருக்கேன்."

"ரசந்தானே? மத்தியானம் வெக்கிறேன். குடிங்க."

அந்த வாரம் பத்து பெரண்டாமில் நிம்மதியாகத் தூங்கியது அந்தக் கருவேப்பிலைச் செடி ஒன்றுதான். சிகரெட்டும் வாசலுக்கு வெளியே போனது. வெள்ளிக்கிழமைக் கறியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாட்டு? அதுதான் கொடுமை. "சாமி பாட்டும்மா" என்று சொல்லித் தாரணி ரேடியோவை ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டாள். காலை எட்டரைக்கு ஊதுவத்தி கொளுத்தி, விக்டர் ஹாலோ பூஜையோடு கத்தினான்.

பத்து நாள் தாங்கினேன். சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நிஜக் கிறிஸ்துவர் வேண்டும்.

இரண்டு வீடு தள்ளி சவரிமுத்து அண்ணன் இருந்தார். ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பைபிள் வாசிக்கிறவர். வெள்ளைச் சட்டையை மேல் பட்டன்வரை பூட்டுகிறவர்.

"அண்ணே, நாளைக்கு டீ குடிக்க வாங்க. வீட்ல ஒரு படம் மாட்டியிருக்கோம். நீங்க பாத்துச் சொல்லணும்."

"சாமி படமா, மணியம்? கட்டாயம் வரேன்."

அவர் பார்ப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவர் போடுகிற சத்தத்தில் இருசம்மாள் ஆடிப்போவாள். ஒரே அடியில் போஸ்டர், கேசட், விரதம் எல்லாம் காலி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பைபிளோடு வந்தார். வாசலிலிருந்தே கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டினேன்.

"பாருங்கண்ணே!"

பார்த்தார். முகம் மலர்ந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்துகொண்டு ஏசுநாதர் சாந்தமாக நின்றார். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, அதே மல்லிகைச் சரத்தோடு.

"அருமையான படம், மணியம்!"

"இது இல்லண்ணே! இவரு இல்ல! கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு... பூட்ஸு... எட்டு மோதிரம்..."

சவரிமுத்து அண்ணன் மெல்ல என் பக்கம் திரும்பினார். ஒரு அடி நெருங்கி மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். இருசம்மாள் டீயோடு வந்தாள்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்கண்ணே. குடிய விட்டுப் பத்து நாளாச்சு. அதான் அப்பப்ப இப்படி."

"அப்படிச் சொல்லு தங்கச்சி! வார்டுல எத்தன பேரப் பாத்திருக்கேன். சுவத்துல பாம்பு தெரியும்பான், பல்லி தெரியும்பான். இவனுக்குச் சாமியே தெரியுது. நல்ல மனசு." என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "நாக்க நீட்டு, மணியம்."

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க..."

"நாக்க நீட்டுப்பா."

நீட்டினேன்.

அவர் பைபிள் மேல் என் கையை வைத்தார். பெரிய வெள்ளி வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். இருசம்மாள் வாசற்படியில் நின்றாள். தாரணி அடுப்படிக் கதவருகே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சொன்னேன். தினம் சாயங்காலம் வந்து ஜெபம் பண்ணி, நாடி பார்த்துவிட்டுப் போவதாக வாக்குக் கொடுத்து அவர் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் பாய்ந்தேன்.

"அந்தக் கண்ணாடிக்காரன் எங்க?"

"அலமாரிக் கதவுல. அவன் எடம் அதானே."

"அவன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"விக்டரு. அந்தப் படத்த பாசார் மாலாம்ல வாங்கிக் குடுத்ததே நான்தான். ஊரு பயப்படணும்னு வேசம் கட்டி நிக்கறான்னு தாரணி சொன்னா. பாவம், பெத்தவ ஒண்ணும் கேக்கலயான்னு கேட்டேன்."

"அப்புறம் எதுக்குடி பூவு, பொட்டு, பழம்?"

"நீங்க மாட்டி வெச்சீங்க. எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேன்." டீ கிளாஸ்களை எடுத்தாள். அவள் குரல் இறங்கியது. "என்னைய அலற வெக்கப் பாத்தீங்க, சரி, நான் ஒங்க பொண்டாட்டி. அந்த மனுசனுக்கு அது சாமிங்க. நீங்க தூங்கறதுக்கு அவரு மனசு நோகணுமா? அண்ணன் டீக்கு வர்றாருன்னு காலையில அவரு வீட்டம்மா சொன்னா. ஓடிப்போயி இந்தப் படத்த வாங்கியாந்தேன்."

வெள்ளைக்காரன் கேசட்டுக்காகச் செய்ததைத்தான் நான் தலையணைக்காகச் செய்திருக்கிறேன். அவனாவது எட்டு மோதிரம் சம்பாதித்தான்.

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்து படுத்தேன். எட்டரை ஆனது. சத்தமே இல்லை. ஒன்பது ஆனது. விமானம்கூட வரவில்லை. அப்பாவுக்குத் துணையாகத் தானும் எதையாவது விடவேண்டும் என்று தாரணி பாட்டை விட்டுவிட்டாளாம். நான் ஆசைப்பட்ட அமைதி கையில் கிடைத்துவிட்டது. சுவர்க்கடிகாரம் நடப்பது கேட்டது. என் இதயம் அதோடு போட்டி போடுவது கேட்டது. ஸ்டவுட் இல்லாத கண் கூரையைப் பார்த்தபடியே கிடந்தது. திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை எட்டரை மணிக்கு மானத்தை விட்டுக் குரல் கொடுத்தேன்.

"தாரணி... அந்த மூணாவது பாட்டக் கொஞ்சம் சத்தமா போடேம்மா. அதுலயாவது கண்ணு அசருதான்னு பாப்போம்."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"தவக்காலத்துல என்னங்க பாட்டு? சாமி பாக்குது, படுங்க."