காசிமீரோ இடுப்புயர்த்திய படலம்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால்.

வாழ்க காசிமீரோ. மலைப்பாதைப் பேருந்தை முப்பதாண்டு செலுத்தி, பள்ளந்தோறும் முதுகெலும்பின் ஒரு கணுவைக் காணிக்கையிட்ட அப்பெருந்தகை, ஆன்டிகுவா நகரின் இயன்முறை மருத்துவக் கூடத்தில், நீல ரப்பர் விரிப்பெனும் செருக்களத்தில், மல்லாந்து கிடந்தான்.

அவன் வேண்டியது விண்ணுலகம் அன்று. புனித வெள்ளி ஊர்வலத்தில் ஆண்டவரின் பெரும்பல்லக்குக்கு அடியில் ஒரு தோள் புகும் இடம். இவ்வாண்டு குடும்பத்துக்கு ஓரிடமே கிடைத்திருந்தது. அடுத்த விரிப்பில் அதே முதுகுவலியோடு அவன் மனைவியின் தம்பி பாஸ்குவால். முழங்கால் மடித்து உயர்த்திய இடுப்பை அசையாமல் நிறுத்துபவனுக்கே மருத்துவர் யெசேனியா அனுமதி தருவாள்.

"அத்தான், உங்களால பீன்ஸ் சட்டியே தூக்க முடியலையாமே. அக்கா சொன்னா."

"உன்னப் பத்தி உங்கக்கா சொன்னத நான் சொல்லட்டா மாப்ள?"

"பேசாம தூக்குங்க. மூச்ச அடக்காதீங்க," என்றாள் யெசேனியா.

தொடைக் களிறுகள் பிளிற, வயிற்றுக் கோட்டையின் வாயில்கள் இறுக, வியர்வை வெள்ளம் விரிப்பின் எல்லை கடக்க, சன்னலுக்கு வெளியே எரிமலைகள் மூன்றும் புகையடக்கி நோக்க, எழுந்தது இடுப்பு. எழுந்தது மைத்துனன் இடுப்பும். இரு குன்றுகளும் அசையவில்லை.

பாஸ்குவால் வஞ்சம் சூழ்ந்தான். ஊர்வலத்தின் இரங்கற்பண்ணை மெல்ல மூக்கால் முனகினான். அந்தப் பண் காதில் விழுந்தால் பல்லக்குச் சுமப்பவன் இடமும் வலமும் ஆடியே நடப்பான். அது அவ்வூர் ஆண்களின் எலும்பில் ஊறிய நடை. காசிமீரோவின் இடுப்பு இடப்புறம் சாய்ந்தது. பிறகு வலப்புறம்.

"காசிமீரோ ஐயா, இடுப்ப ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலம்மா. அதுவா ஆடுது."

அந்தோ, இசைக்கு நட்பும் பகையும் தெரியாது. முனகியவன் இடுப்பும் ஆடத் தொடங்கிற்று. ஒரே தாளத்தில், ஒரே பக்தியில், இல்லாத பல்லக்கொன்றை இரண்டு இடுப்புகளும் சுமந்து சென்றன. முனகலை நிறுத்த பாஸ்குவாலாலும் முடியவில்லை. தெருமுனை திரும்பும் அசைவில் இரு முதுகிலும் ஒருசேர இடி இறங்கிற்று. குன்றுகள் சரிந்தன. மாவீரர் இருவரும் கூரையைப் பார்த்துக் கிடந்தனர்.

யெசேனியா செல்போனை எடுத்துக்கொண்டு இருவரையும் குனிந்து பார்த்தாள்.

"வீட்ல யாராவது இருக்காங்களா, வந்து தூக்கிட்டுப் போக?"