என் மகளின் எடை தொடர்பாக மைத்துனருக்கு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. அங்கு தாங்கள், தங்கள் மனைவி, தங்கள் இரத்தக்கொதிப்பு ஆகிய மூவரும் கட்டுக்குள் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் நீங்கள் சிரிக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன். அதோடு, போனில் சொன்னதையெல்லாம் பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே மாப்பிள்ளை" என்று துடைத்துவிட்டுப் போவது உங்களுக்குப் பழக்கம். இது எழுத்தில் கிடக்கட்டும்.

விஷயம் இதுதான். என் ஒரே மகள், உங்கள் ஊரில், உங்கள் பேச்சைக் கேட்டு நான் சேர்த்துவிட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் விடுதியில், நாளுக்கு நாள் இளைத்துத் துரும்பாகிக்கொண்டிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை நான் நேரில் வந்து, பெட்டி படுக்கையோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்துவிடப்போகிறேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. படிப்பு போனால் போகட்டும். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க ஆள் கிடைக்கும். எனக்கு வேறு மகள் கிடைக்க மாட்டாள். இதை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், "எல்லாம் என்னால் வந்தது" என்று என் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

அவள் போன முதல் வாரத்திலிருந்தே தொடங்கியது. தினமும் சாயங்காலம் உங்கள் தங்கை போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, நாங்கள் இருவரும் அதன் முன்னால் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்காருவோம். அவள் அங்கே எதையோ சொல்லத் துடிப்பாள். "அம்மா, இன்னைக்கு ஒரு கன்னுக்குட்டி தலைகீழா வந்துச்சும்மா, நான்தான் கால்ல கயிறு கட்டினேன், மேடமே தட்டிக்கொடுத்தாங்க!" என்பாள். "கன்னுக்குட்டி கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா?" என்பாள் உங்கள் தங்கை. "சாப்பிட்டேன்மா." "என்ன சாப்பிட்ட?" "சாப்பாடுதாம்மா." "என்ன சாப்பாடு?" "அம்மா, சாப்பிடற சாப்பாடும்மா!" விசாரணை இந்த இடத்துக்கு வந்ததும் இணைப்பு போய்விடும். இணைப்பு போகிறதா, துண்டிக்கப்படுகிறதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. ஒருநாள் போன் அணைந்த பிறகு உங்கள் தங்கை அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, அவ கன்னத்தைக் காணோம்" என்றாள். விடுதி விளக்கு மங்கல், அதனால் அப்படித் தெரிகிறது என்றேன். "விளக்கு கன்னத்தைத் தின்னுமா?" என்றாள். உங்கள் குடும்பத்தில் யாரும் பதில் இருக்கிற கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கண்ணை நம்புகிறவன் அல்ல. எடை அளவு ஆய்வாளனாக உத்தியோகம் பார்க்கிறவன் கண்ணை நம்பினால், அத்தனை கடைக்காரனும் அவன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிடுவான். கடைத்தெருவில் ஒவ்வொரு தராசும் என் முத்திரைக்குக் காத்திருக்கிறது. "மெஷின்ல கோளாறு சார்" என்று சொல்லாத வியாபாரியை நான் பார்த்ததில்லை. மெஷினுக்கு ஒருபோதும் கோளாறு இல்லை, ஆளுக்குத்தான் என்பதே இத்தனை வருட உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே உண்மை. (இந்த உத்தியோகத்தைத்தான் உங்கள் வீட்டு விருந்தில், ஐம்பது பேர் முன்னால், "வாங்க தராசு" என்று கூப்பிட்டுக் கேலி செய்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் சொந்தக்காரக் குழந்தைகள்கூட என்னைத் தராசு மாமா என்கின்றன. மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.) ஆகவே, ஆள் ஏறி நிற்கிற முள் வைத்த எடைமெஷின் ஒன்று வாங்கி, அலுவலகத்து எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சரிபார்த்து, அடியில் என் கையாலேயே ஈய முத்திரை குத்தி, பார்சலில் மகளுக்கு அனுப்பினேன். கூடவே விதிமுறைகளும் போனில் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் ஏற வேண்டும், சுவரைப் பிடிக்கக் கூடாது, பையில் சாவி, சீப்பு எதுவும் இருக்கக் கூடாது, பாதமும் முள்ளும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்ப வேண்டும். "அப்பா, நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றாள். "மூட்டைன்னா எனக்கு இந்தக் கவலையே இல்லையே" என்றேன்.

முதல் ஞாயிறு படம் வந்தது. வீட்டிலிருந்து போனபோது இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. இரண்டாம் ஞாயிறு இன்னும் குறைவு. அதற்கடுத்த ஞாயிறு முள் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். உங்கள் தங்கை போனைப் பிடுங்கிப் பார்த்தவள் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். "அவ அங்க பட்டினி கிடக்கறா, எனக்கு இங்க எப்படிங்க இறங்கும்?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் தேநீர் மட்டும்தான் கொதிக்கிறது. அதில் ரொட்டியை நனைத்து நின்றபடியே தின்றுவிட்டுப் போய்விடுகிறோம். உட்கார்ந்து சாப்பிட்டால் மூன்றாவது நாற்காலி கண்ணில் படுகிறது. இதைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், இது விஷயமல்ல. விஷயம் அவளுடைய எடை.

வறுத்த கொட்டை, பேரீச்சம்பழம், தேன், நெய் என்று ஒரு பெரிய பெட்டி அனுப்பினோம். மறுநாள் போனில், "ரூம்ல எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்கம்மா, ஒரே நாள்ல காலி!" என்று குதிக்கிறாள். "எல்லாரும் வளரட்டும்னாடி நான் அனுப்பினேன்?" என்று உங்கள் தங்கை அழுதாள். புதுத் துணி வாங்க வேண்டும், பழையது எதுவும் சரியாக இல்லை என்று மகள் வேறு கேட்டாள். துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்பது எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் தங்கையிடம் நான் சொல்லவில்லை, அவளாகவே விளங்கிக்கொண்டு இன்னொரு முறை அழுதாள். விடுதிக் காப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்க பொண்ணா சார்? ரெண்டாவது தடவை தட்டை நீட்டற ஒரே பொண்ணு அதுதான்!" என்று சிரித்தார். எந்தக் கடைக்காரனாவது "என் தராசு குறைத்துக் காட்டும் சார்" என்று தானாகச் சொல்லியிருக்கிறானா? அதே கதைதான் இது. போனை வைத்துவிட்டேன்.

கடைசியில், வேறு வழியில்லாமல், உங்களைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். போனீர்கள். அதற்கு நன்றி. வந்து என்ன சொன்னீர்கள்? "அவளுக்கென்ன மாப்பிள்ளை, நல்லா ஜம்முனு இருக்கா. கன்னமெல்லாம் இருந்த இடத்துலதான் இருக்கு." மெஷின் ஒன்று சொல்கிறது, நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். நான் யாரை நம்ப வேண்டும்? என்னுடைய முத்திரை மெஷின்மேல் இருக்கிறது, உங்கள்மேல் இல்லை. அதோடு நிறுத்தினீர்களா? "அது இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? குரலே உள்ளே போயிருக்கே" என்று பேச்சை மாற்றினீர்கள். பதில் சொல்ல முடியாதவர்கள்தான் பேச்சை மாற்றுவார்கள்.

இந்தக் கவலை என் உத்தியோகத்தையும் விடவில்லை. போன வாரம் கடைத்தெருவில் திடீர்ச் சோதனை. ஒரு மளிகைக்கடைக்காரர், தராசை மடித்த சாக்கின்மேல் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறார். மெத்தென்ற இடத்தில் வைத்தால் தராசு சரியாகக் காட்டாது என்பது இந்தத் தொழிலில் பால்பாடம். "இது ஏமாற்றா இல்லையா?" என்று நான் குரலை உயர்த்தித் தராசைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் என் கால்சட்டை இடுப்பை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு கையில் தராசு, ஒரு கையில் கால்சட்டை. கூடியிருந்த சனம் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திண்டாடியது. "சார், முதல்ல உங்களுது சரியா நிக்குதான்னு பாருங்க, அப்புறம் என்னுது" என்றார் அந்த ஆள். தெருவே சிரித்தது. பெல்ட்டின் தோல் நீண்டுவிட்டது. இப்போதெல்லாம் எதிலும் தரம் கிடையாது. ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டேன், அதற்குப் பிறகு இன்னொன்றும் போட்டேன். உங்கள் தங்கையின் வளையல் பாத்திரம் கழுவும்போது கழன்று குழாய்க்குள் போய்விட்டது. புது சோப்பு ரொம்ப வழுக்குகிறது என்கிறாள். குழாய்க்காரர் வந்து குழாயைக் கழற்றியதோடு சரி, சமையலறை இன்னும் குளம். கஷ்டம் வந்தால் வரிசையில் நின்று வருமா, எல்லாம் ஒன்றாகத்தான் முண்டியடித்துக்கொண்டு வரும் போலிருக்கிறது.

எனக்குத் தெரியும், அவளை அழைத்துவந்தால் அவள் என்னோடு பேச மாட்டாள். எட்டு வயதில் தெருநாய்க்குக் கட்டுப்போட என் வேட்டியைக் கிழித்தவள் அவள். அன்றைக்கே அவளுக்கு இந்தப் படிப்புதான் என்று முடிவாகிவிட்டது. பேசாமல் இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் இருக்கட்டும். அது போதும் எனக்கு. ராத்திரி படுத்தால் அந்த முள்தான் மச்சான் கண்ணுக்குள்ள நிக்குது. உலகத்துல இருக்கற தராசையெல்லாம் சரிபண்ணி என்ன பிரயோஜனம், என் வீட்டு எடை இறங்கிக்கிட்டே போகுதே, அதை யார் வந்து நிறுத்துவா?

சனிக்கிழமை காலை வண்டியில் வந்து சேருவேன். நிலையத்துக்கு வர வேண்டாம். வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தங்கள் மனைவிக்கு என் வணக்கமும், தங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசியும். அவர்கள் உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு,
தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் நனைக்கிற சமயத்தில் வாசலில் பார்சல்காரர் வந்தார். பிரித்தால், என் எடைமெஷின். இரண்டு பேரும் பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தோம். "அப்பா, தரை ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்குப்பா. மெஷினை யோகா விரிப்பு மேல வெச்சுத்தான் நின்னேன். அப்புறம் குளிர் கூடவே விரிப்பை ரெண்டா மடிச்சேன், அதுக்கப்புறம் ரூம்மேட்டோடதையும் சேர்த்துப் போட்டுக்கிட்டேன். படத்துல தெரியுதே, நீங்க பார்க்கலையா?" என்றாள். படங்களை எடுத்துப் பார்த்தேன். முள்ளுக்குக் கீழே, பாதத்துக்குக் கீழே, ஊதாப் பூப்போட்ட விரிப்பு. ஒவ்வொரு வாரமும் ஒரு மடிப்பு கூடுதல். நான் எண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வெறும் தரையில் நின்றால் வீட்டிலிருந்து போனபோது இருந்ததைவிட நாலு கிலோ கூடுதலாம். துணி சரியாக இல்லாததன் காரணமும் அதுதானாம். "எதுக்குடி மெஷினைத் திருப்பி அனுப்பின?" என்றாள் உங்கள் தங்கை. "தினமும் நீங்க என்னைப் பார்க்கறீங்க, நான் உங்களைப் பார்க்க மாட்டேனா? ரெண்டு பேர் முகமும் ஒரு போன்ல அடங்குது, முன்னாடி அடங்காது. மாமாவும் அதைத்தான் சொன்னார். இப்ப ரெண்டு பேரும் ஏறி நின்னு படம் அனுப்புங்க. வெறுந்தரையில. ஒவ்வொரு ஞாயிறும் அனுப்பணும். எடை ஏறலைன்னா படிப்பை விட்டுட்டுப் பெட்டியோட கிளம்பி வந்துடுவேன்" என்றாள்.

ஏறினோம். முதலில் உங்கள் தங்கை, பிறகு நான். "மெஷின்ல கோளாறு" என்றேன். உங்கள் தங்கை மெஷினைத் திருப்பி அடியைக் காட்டினாள். என் முத்திரை உடையாமல் இருந்தது. பிறகு போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தாளிக்கிற வாசனை இதை எழுதும்போதே வருகிறது.

ஆகவே நான் சனிக்கிழமை வரவில்லை. மேலே எடை பற்றி எழுதியவை அனைத்தும் ரத்து. தங்களைப் பற்றி எழுதியவை அப்படியே நிற்கின்றன. ஒரே ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மனிதன் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? அவள் படிப்பு வீணாகக் கூடாது. அன்றைய படத்தில் என் கால்சட்டைப் பை கொஞ்சம் தொங்கினாற்போல் தெரிந்தால், அதில் அலுவலகத்து இரண்டு கிலோ எடைக்கல் இருக்கிறது என்று நீங்கள் அவளிடம் மூச்சுவிடக் கூடாது. கல்லில் குறை ஒன்றும் கிடையாது. நானே சரிபார்த்தது.