ங்கா மேடத்தின் இன்னொரு பெயர்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையைப் பார்ப்பார்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தைகளின் வாயையே பார்த்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். கைக்குழந்தைகளின் 'ங்கா'வைக் கேட்டுத் திரிந்ததால், வேங்கிக்காலில் எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் ங்கா மேடம்.

மொழியியலில் பெரிய பட்டம் வாங்கியவர். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் ஜாஸ்தி, சம்பளம் கம்மி. மனிதக் குழந்தைக்குள் மொழி எப்படி முளைக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கைக்குழந்தை வீறிட்டால் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்கள். இவர் ரெக்கார்டரோடு எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்காருவார். மூக்குக்கண்ணாடியை உச்சந்தலையில் ஏற்றிவிட்டு, அதைத் தேடித் தலையைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

தெருப் பெண்கள் அவரை ஒருவகை ஜோசியர் என்று முடிவுகட்டி, பிள்ளையைத் தூக்கிவந்து கலெக்டர் ஆவானா என்று கேட்பார்கள். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா இவனுக்கு 'பாபா'ங்கற சத்தம் வந்துடுச்சி" என்பார். அவர்களும் கலெக்டர்தான் என்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

என் மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. தாய்மாமன்கூட லேட்டாகத்தான் பேசினான் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். மனைவி மலையைப் பார்த்து அழுவாள். கடைசியில் மேடத்தைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு அவருக்குச் சென்னையில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. ஒரு எட்டு பார்த்துவிட்டு பஸ் பிடிப்பதாகச் சொல்லித்தான் வந்தார். மகளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். நாங்கள் துள்ளினோம், அவள் திரும்பவில்லை. உடனே காது டாக்டரிடம் காட்டச் சொன்னார். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

மேடம் கிளம்பவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மகள் கட்டைவிரலை உதட்டில் வைத்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்தாள். மனைவி வழக்கம்போல எழுந்துபோய்ப் பால் ஊற்றிவந்தாள். கொஞ்ச நேரத்தில் மகள் இரு கைகளையும் பந்துபோலக் குவித்தாள். மறுபடி உள்ளங்கையைக் கவிழ்த்தாள். பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்தது.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பால் இல்ல, பந்து இல்லனு சொல்றா சார். ரெண்டு வார்த்தையச் சேக்கறா. மொழி மூளையில இருக்குது. காது வழி அடைச்சிருந்தா கை வழியா வந்துடும். உங்க பொண்ணு எப்பவோ பேச ஆரம்பிச்சிட்டா. நீங்கதான் இன்னும் பேசல."

எத்தனையோ பௌர்ணமிக்கு மலையைச் சுற்றியிருக்கிறேன். அன்றைக்கு என் வீட்டுத் தரையில் பிரமித்ததுபோல எங்கும் பிரமித்ததில்லை.

பஸ் போய்விட்டது, அந்த வேலையும் போய்விட்டது. மேடம் அலட்டிக்கொள்ளவே இல்லை. மகளுக்குக் காது கேட்கவில்லை என்று டாக்டரும் உறுதிசெய்தார். சைகை மொழி கற்றுத்தரும் பள்ளியை அவரே தேடித் தந்தார். மகளோடு நாங்களும் கற்றோம். பிறகு வேறு ஊரில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்தது.

போன தீபத்துக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தூரத்தில் அவர் தெரிந்தார். தொண்டை கிழிய மேடம் மேடம் என்று கத்தினேன், கேட்கவில்லை. மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒரு மேடையில் ஏறித் தன் உச்சந்தலையைத் தட்டினாள். மேடத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. அங்கே அதைக் கண்ட மேடத்தின் கை தானாகத் தலைக்குப் போனது. கண்ணாடியும் கிடைத்தது, நாங்களும் கிடைத்தோம்.

அத்தனை ஜனத்துக்கு நடுவில் நானும் வெட்கமில்லாமல் என் தலையைத் தட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த பெயர்களிலேயே அழகானது அதுதான்.