மோரில் முளைக்காத பாசி

இயேசு மரி சூசை துணை

ஹேர்னிங்,
பங்குனி 1986

பெருமதிப்புக்குரிய அத்தான் சூசைதாசன் அவர்களுக்கு மைத்துனன் ஸ்ரனிஸ்லாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் யசிந்தாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். ஹ்விடோவ்ரேயில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். சுகமில்லாமல் இருப்பது ஒரு மரம் மட்டுமே. கடிதமும் அதைப் பற்றியதே.

நாங்கள் இருக்கும் நிலக்கீழ் அறையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். யன்னலால் பார்த்தால் ஆட்களின் சப்பாத்து மட்டும்தான் தெரியும். வைகாசியில் யசிந்தாவுக்குப் பிள்ளை பிறக்கவிருக்கிறது. அதற்கு முன் மேல்வீட்டு அறைகளைத் தருவதாக வீட்டுக்காரி கேர்டா அம்மா வாக்குத் தந்தார். அந்த வாக்கோடு சேர்த்து, மயோர்க்காத் தீவுக்கு வெயில் காயப் புறப்படும்போது, தன் கண்ணாடி விறாந்தையில் இருந்த ஒரு குட்டி மரத்தையும் என் பொறுப்பில் விட்டார். யப்பான்காரர் முறைப்படி வெட்டிக் குறுக்கி, தட்டைச் சட்டியில் வளர்க்கும் பொன்சாய் மரம். ஒரு முழ உயரம்கூட இல்லை.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மோஸ் காயக்கூடாது. நாள்தோறும் மழைத்தண்ணீர் தெளி. குழாய்த்தண்ணீர் வேண்டாம், அதில் சுண்ணாம்பு."

மோஸ் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் காலுறைத் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் போடும் மசித்த உருளைக்கிழங்கு. டெனிஷில் பாசிக்கும் அதே பெயர்தான் என்று மொழி வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. நான் போய் அவருடைய குளிர்பெட்டியைத் திறந்தேன். உண்மையாகவே ஒரு கோப்பை மோஸ் இருந்தது! அத்தான், நான் வாளி வைத்து மழைத்தண்ணீர் ஏந்தி, வேலையால் வந்து களைப்பையும் பாராமல், அந்த உருளைக்கிழங்குக்குத் தெளித்து வந்தேன்.

"இஞ்சாருங்கோ, கிழங்குக்கு ஏன் தண்ணி விடுறியள்?" என்று யசிந்தா கேட்டாள்.

"இது அவையின்ர முறையாக்கும். கேள்வி கேளாதையும்."

அவள் கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, மேல்வீடு தரப்போகிற மனுசிக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று விறாந்தையைக் கூட்டித் துடைத்திருக்கிறாள். அப்போது மரத்தடியில் பச்சைப்பசேலென்று பாசி படர்ந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் வினாகிரியையும் எடுத்து உரஞ்சித் தள்ளிவிட்டாள்.

"கிணத்துக்கட்டிலை பாசி கண்டா விடுவமே? ஆரும் வழுக்கி விழுந்தா?" என்றாள்.

ஒரு முழ மரத்தின் அடியில் யார் வந்து வழுக்கி விழுவார் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. "நல்ல வேலை செய்தீர்" என்று மெச்சினேன்.

வேலையிடத்தில் பக்கத்து மெசினில் நிற்கும் டெனிஷ்காரனிடம், "வீட்டுக்காரியின் மோஸ் பச்சையாகிவிட்டது" என்று கவலைப்பட்டேன். "பச்சை என்றால் நல்ல மோஸ்" என்று கைகொடுத்தான். "ஆனால் மணக்கிறது, கரண்டியில் ஒட்டுகிறது" என்றேன். அதற்குப் பிறகு அவன் விசாரித்த விதத்திலும், சிரித்த விதத்திலும், சாப்பாட்டறை முழுவதையும் கூப்பிட்டுச் சொன்ன விதத்திலும்தான் எனக்கு விசயம் விளங்கியது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு கரண்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வடக்கு மதிலில் வெல்வெட் மாதிரிப் பாசி. சுரண்டிக்கொண்டிருக்கும்போது அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கிற மனிதர் வந்து, "என்ன வேண்டும்?" என்றார். கரண்டியும் கையுமாக, "எனக்கு மோஸ் வேண்டும்" என்றேன். அவர் முகம் இரங்கிவிட்டது. தோளில் கைபோட்டு வீட்டுக்கே கூட்டிப் போனார். அவருடைய மனைவி ஒரு மலை உருளைக்கிழங்கை மசித்து, மேலே இரண்டு பன்றி சொசேஜ்களையும் வைத்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடக்கூடாத நாள், அத்தான்! சாப்பிடாவிட்டால் அந்தச் சனத்தின் மனம் நோகும், சாப்பிட்டால் ஆண்டவரின் மனம் நோகும். ஆண்டவர் பழகினவர் என்று சாப்பிட்டேன்.

பாசி சட்டைப்பைக்குள் தப்பியிருந்தது. அதை மோரில் அடித்துப் பூசினால் பிடிக்கும் என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். அடித்தோம், பூசினோம், செபமாலையும் சொன்னோம். பக்கத்துவீட்டுப் பூனை வந்து சட்டியை நக்கித் துடைத்துவிட்டுப் போனது. யசிந்தா உரஞ்சியதைவிடத் துப்புரவு.

கடைசியில் யசிந்தாதான், இங்கத்தைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பஞ்சில் முளைக்கவைக்கும் கார்ஸ என்ற கீரையின் விதையை வாங்கி வந்து மரத்தடியில் தூவினாள். "தூரத்திலை நிண்டு பாத்தா பச்சைதானே" என்றாள். முளைத்தது, அத்தான். நிற்காமல் முளைக்கிறது. இப்போது மரத்துக்கு இடுப்பளவு நிற்கிறது.

கேர்டா அம்மா ஞாயிறன்று வருகிறார். வந்தால் எங்களை வெளியே போகச் சொல்வது நிச்சயம். ஆகையால் தாங்கள் சனிக்கிழமையே யாரிடமாவது வான் வண்டி இரவல் வாங்கி, தங்கள் தீவிலிருந்து கப்பலேறி வந்து எங்களைக் கூட்டிப்போய், பிள்ளை பிறக்கும்வரை தங்கள் வீட்டு முன்னறையில் படுக்க இடம் தரவேண்டும் என்று மன்றாடுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். அந்தோனியார் தங்கள் குடும்பத்தைச் சகல தீங்கிலிருந்தும் மரங்களிலிருந்தும் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு.: அத்தான், வான் வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன்னரே கேர்டா அம்மா இறால் மாதிரிச் சிவந்துபோய் வந்து இறங்கிவிட்டார். நேரே விறாந்தைக்குப் போனார்.

"என் பாசி எங்கே?"

"பூனை…" என்றேன். "ஆனால் மரம் பத்திரம். அதற்காகச் செபமாலை சொன்னோம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஸ்ரனிஸ்லாஸ், மரம் செத்துவிட்டது. என் புருஷன் ஆக்ஸெல் இறந்த குளிர்காலத்திலேயே அதுவும் போய்விட்டது. எறிய மனம் வரவில்லை. அடியில் பாசியாவது பச்சையாக இருக்கட்டும் என்று வளர்த்தேன்."

யசிந்தா அழத் தொடங்கிவிட்டாள். "செத்ததெண்டு தெரியேல்லை அம்மா. நாங்கள் வந்த நாள்தொட்டு இஞ்சை எல்லா மரமும் இப்பிடி இலையில்லாமல்தான் நிக்குது."

நான் டெனிஷில் சொன்னேன். கேர்டா அம்மா கதிரையில் இருந்து சிரித்தார், கண்ணைத் துடைத்தார், திரும்பவும் சிரித்தார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். மரத்தை வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். கீரையை நறுக்கி, யசிந்தாவை முட்டை அவிக்கச் சொல்லி, கறுத்த பாண் துண்டுகளில் அடுக்கி ஆளுக்கொன்று தந்தார்.

மேல்வீட்டுத் திறப்புச்சாவி இப்போது யசிந்தாவின் இடுப்பில். உயிர்த்த ஞாயிறுக்குத் தாங்கள் குடும்பமாக வரவேண்டுமாம். முட்டை மட்டும் கொண்டு வாருங்கள். மரத்தடியில் யசிந்தா திரும்பவும் விதை போட்டுவிட்டாள்.