மீசையும் எட்டு சிலிண்டரும்

"இந்தத் தடவை உங்க அண்ணன் படகை முந்தலைன்னா, என் மீசையை எடுத்துடறேன்!"

கண்ணாடிக் கடைக்காரர் இந்தச் சபதத்தைச் செய்தபோது வாய் நிறையப் பற்பசை நுரை. பாதிச் சபதம் வாஷ்பேசினுக்குள் போய்விட்டது. மீதிப் பாதிதான் மனைவியின் காதில் விழுந்தது. அவளுக்கு அது போதும்.

"எதை எடுக்கறீங்க?"

"மீசையைடீ!"

"நிஜமாவா?"

அவள் முகத்தில் சட்டென்று வந்த வெளிச்சத்தை அவர் கவலை என்று எடுத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் சோதித்துப் பவர் சொல்கிற மனிதருக்கு, எதிரே நிற்கிற பெண்டாட்டி கண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அந்த மீசை கல்யாணத்துக்கு அப்புறம் முளைத்தது. "காபியில பாதியை அதுதான் குடிக்குது" என்று அவளும் எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறாள். அவர் அதை முறுக்கிவிட்டுக்கொள்வதோடு சரி.

விஷயம் இதுதான். ஏரியில் அவருக்கு ஒரு பழைய படகு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் அதில் ஏறி மறுகரைக்குப் போய்த் திரும்புவார்கள். வாரம் முழுக்கக் கடையில் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய் வீட்டுக்கு வருகிறவர், வீட்டில் பேசுவதெல்லாம் வெறும் "ம்". படகில் மட்டும்தான் வாய் திறப்பார். மெதுவாகப் போகிற படகு, நிறையப் பேசலாம். சில நாள் பாடவும் செய்வார். அந்த ஒன்றைத்தான் அவள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்குள் மச்சான் வந்து சேர்ந்தார். அவளுடைய அண்ணன்; டயர் வியாபாரி. புதுப் படகு வாங்கினார். வாங்கட்டும். ஞாயிறுதோறும் இவர்களைத் தாண்டிப் போனார். போகட்டும். தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "மாப்ளே, கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்று கையாட்டினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதக் கடைசி ஞாயிறு மறுகரைவரை போட்டி என்று பேச்சு முற்றிவிட்டது. மீசைச் சபதம் படகுத்துறை முழுக்கப் பரவிவிட்டது.

படகில் இருந்தது எட்டு சிலிண்டர் எஞ்சின். தொழில் தெரிந்தவர்கள் ‘ஸ்மால் பிளாக்’ என்பார்கள். பெயரில்தான் சின்னது, மூடியைத் திறந்தால் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். மெக்கானிக்குக்கு ‘நண்டு’ என்று பெயர், எஞ்சின் பெட்டிக்குள் பக்கவாட்டாகவே நுழைவதால். முதலில் அவன் கார்புரேட்டரை மாற்றினான். அந்த ஞாயிறு படகு பறந்தது! மறுகரை அவர்களைத் தேடிக்கொண்டு வந்ததுபோல் வந்தது. எஞ்சின் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. அவள் தலைமுடியெல்லாம் கலைந்து ஏதோ கத்தினாள். அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு படகு பழையபடி ஊர்ந்தது.

"நண்டு, என்னடா பண்ணின?"

"நான் தொடவே இல்ல சார். கேம்ஷாஃப்ட்டையும் மாத்திடலாமா?"

மாற்றினார்கள். ஊர்ந்தது. புகை போகிற குழாயை அகலமாக்கினார்கள். ஊர்ந்தது. புரொப்பெல்லரையே புதிதாகப் போட்டார்கள். எஞ்சின் சிங்கமாக உறுமியது. படகு மட்டும் மூக்கைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு ஏரியை உழுதது.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் அவருக்குச் சேர்ந்திருந்தது. ஞாயிறுதோறும் மனைவியின் பையைப் படகுவரை தூக்கி வரவேண்டும்.

"என்னடி இது, இந்தக் கனம் கனக்குது?"

"ஃபிளாஸ்க்கும் துண்டும்தாங்க. உங்களுக்கு வயசாயிடுச்சு."

வயசாகிவிட்டது என்ற சொல்லுக்காகவே மூச்சு வாங்காததுபோல் தூக்கிக்கொண்டு நடப்பார்.

போட்டி நாளும் வந்தது. மச்சான் தன் படகில் ஏறி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் லைஃப் ஜாக்கெட்டுகளைத் தேடினார். எப்போதும் தொங்குகிற கொக்கியில் காணோம்.

"முன்னாடி சீட்டுக்கு அடியில இருக்கும் பாருங்க" என்றாள் மனைவி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சீட்டைத் தூக்கினார். லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் அவருடைய வாழ்க்கையே இருந்தது. தொப்பையைக் குறைக்கச் சபதம் செய்து வாங்கிய தம்பெல்ஸ். அறிவை வளர்க்க வாங்கிய கலைக்களஞ்சியம், ஒரு தொகுதிகூடப் பிரிக்காமல். சுயசரிதை எழுத வாங்கிய இரும்பு டைப்ரைட்டர். கொல்லையில் நீரூற்றுக் கட்ட வாங்கி, கட்டாமல், மூட்டையோடு கல்லாகிப்போன சிமெண்டுகூட உடைந்த துண்டுகளாக இருந்தது. பழைய சபதமெல்லாம் கூடி உட்கார்ந்து புதுச் சபதத்தை அமுக்கிக்கொண்டிருந்தன. அத்தனையையும் வாராவாரம் சுமந்து வந்து சேர்த்தவர் அவரேதான்.

"இது... இது உன் வேலையா?"

"ஆமாங்க."

"ஏன்டி? உங்க அண்ணன் ஜெயிக்கணும்னா?"

"அவன் ஜெயிச்சா எனக்கென்ன, தோத்தா எனக்கென்ன." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அன்னிக்குப் படகு பறந்துச்சே, ஞாபகம் இருக்கா? திரும்பத் திரும்ப உங்களைக் கூப்பிட்டேன். நீங்க கட்டை விரலைக் காட்டினீங்க."

"சத்தத்துல கேக்கலை. என்ன சொன்ன?"

"இப்ப மறந்துபோச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிட்டு வந்துட்டோம். வீட்டுக்குப் போனதும் பழையபடி ‘ம்’. எனக்குன்னு இருக்கறதே இந்த ஒரு காலைதாங்க. அதையும் வேகமாக்கிட்டா நான் எங்க போவேன்?"

கடைக்காரர் மீசையை முறுக்கக் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

"சரி, போகட்டும்" என்றாள் அவள். "எல்லாத்தையும் கரையில இறக்கி வச்சிடலாம். ஜெயிச்சுட்டு வாங்க. ஒரு பக்கம் நானும் பிடிக்கிறேன்."

அவர் ஒரு தம்பெல்லைக் கையில் எடுத்தார். மச்சான் படகைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மீசையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு தம்பெல்லை இருந்த இடத்திலேயே வைத்து, சீட்டை மூடி, அதன்மேல் அவளை உட்காரவைத்து லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"பேசாம உக்காரு. இல்ல, இல்ல. பேசு. பேசிக்கிட்டே வா."

விசில் ஊதினார்கள். மச்சான் புறப்பட்ட வேகத்தில் கிளம்பிய அலை இவர்கள் படகை ஆட்டிவிட்டுப் போயிற்று. "மாப்ளே, கயிறு வேணுமா?" என்ற குரல் தூரத்தில் தேய்ந்தது. முதல் முறையாக அது அவருக்கு உறைக்கவில்லை. பேச்சுக் காதில் விழுகிற அளவுக்கு எஞ்சினை அடக்கியே ஓட்டினார். மனைவி, தன் தங்கை வீட்டு நாய்க்குட்டியிலிருந்து ஆரம்பித்து, போன மாதம் பல் வலித்தபோது அவரிடம் சொல்லாமலே இருந்ததுவரை சொல்லிக்கொண்டு வந்தாள். "ஏன் சொல்லலை?" என்று பதறினார். "சொன்னேன், ‘ம்’னீங்க" என்றாள். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தினார். மறுகரையில் மச்சான் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கோ தான்தான் ஜெயித்துவிட்டது போலிருந்தது. இத்தனை பெரிய தியாகத்தை, அதுவும் யாரும் சொல்லாமல், தானே நினைத்துத் தானே செய்திருக்கிறார்! சாதாரணப் புருஷனுக்கு வருமா இந்த மனசு?

"தோத்தாச்சு" என்றார் பெருமையாக. "உனக்காகத்தான். சொன்ன சொல் மாற மாட்டேன். வீட்டுக்குப் போனதும் மீசையை எடுத்துடறேன்."

"வீடுவரைக்கும் எதுக்குங்க?"

அவள் பையைத் திறந்தாள். ஷேவிங் சோப்பு, பிரஷ், ரேசர், சின்னக் கண்ணாடி என்று எல்லாம் வீட்டிலிருந்தே வந்திருந்தன. ஃபிளாஸ்க்கில் காபி இல்லை, வெந்நீர்.

அவர் திகைத்துப்போய் அவளையே பார்த்தார். லைஃப் ஜாக்கெட் கொக்கியைவிட்டு இறங்கி அந்தச் சீட்டுக்கு அடியில் போனது ஏன் என்று அப்போதுதான் மெல்லப் புரிந்தது.

"அப்படின்னா... சீட்டுக்கு அடியில பார்த்ததும் நானே தோத்துடுவேன்னு உனக்குக் காலையிலேயே தெரியுமா?"

அவள் அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மீசையில் நுரையைக் குழைத்துப் பூசினாள்.

"தெரியாமயா ரெண்டு பிளேடு எடுத்துட்டு வந்தேன்? இந்த மீசைக்கு ஒண்ணு பத்தாதுங்க. ஆடாம உக்காருங்க."