கப்பித்தான் குந்திய படலம்

வாழ்க சுப்பராயன்! அலை ஓயாத காசிமேட்டுக் கரையில் தோன்றி, உப்புக்காற்றை உண்டு வளர்ந்து, கட்டுமரத்தின் பின்முனையில் துடுப்பேந்தி நின்ற திண்தோளன். நண்டு கடித்தபோதும் முகம் சுளிக்காத நெஞ்சுரத்தன். சுருட்டுப்புகையைக் கொடியாய்ப் பறக்கவிட்டு நடந்தவன். வலைமுடிச்சு அவிழ்ப்பதில் வல்லவனாகிய அந்தச் சுப்பராயனின் புகழைப் பாடப் புகுகின்றோம். கடலே, சற்றே முழங்காதிரு. துறைமுகத்துப் பாரந்தூக்கிகளே, உங்கள் இரும்புக் கழுத்துகளைத் தாழ்த்துங்கள். ராயபுரம் ஸ்டேஷனில் பெருமூச்சு விட்டு நிற்கும் ரயில் வண்டியே, உன் ஊதலை அடக்கிக்கொள். ஒரு மனிதன் ஒரு நாய்க்குட்டியை உட்கார வைத்த வரலாறு இது.

வெள்ளைக்காரன் ஆட்சியில், கரிக்கப்பல்களின் புகையால் காசிமேட்டு வானம் நண்பகலிலும் சற்றே கறுத்திருந்த முப்பதுகளின் தொடக்கத்தில், சுப்பராயனுக்கு எல்லாம் இருந்தன. அவன் சொல்லைக் கேட்க ஓர் உயிர் மட்டும் இல்லை. கடலில் ஆணை பிறப்பித்தவன் அவன் மனைவியின் தம்பி ரகுபதி. வயதில் இளையவனே என்றாலும், நீரின் நிறத்தைப் பார்த்தே மீன்கூட்டம் மேயும் திசையைச் சொல்லும் கண் படைத்தவன் ஆதலால், “இப்பிடி திருப்பு மாமா” என்று அவன் சொன்னால் சுப்பராயன் திருப்புவான். வீட்டில் ஆணை புஷ்பவல்லியுடையது. மீன் விற்பதும், விற்காததை உப்பிட்டுக் கருவாடாக்குவதும், கணவன் எந்த நேரத்தில் எங்கே இருக்கவேண்டும் என்று நிர்ணயிப்பதும் அவள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கரையில் வலை விரிக்கும் இடத்தைப் பற்றிச் சுப்பராயன் ஒரு கருத்துச் சொல்ல வாய் திறந்தால், கேட்கவேண்டியவர்கள் அதற்குள் வேறோர் இடத்தில் வலையை விரித்து முடித்திருப்பார்கள். கூப்பிட்டால் கோழிகூடத் திரும்பிப் பார்க்காது. இதை அவன் யாரிடமும் முறையிட்டதில்லை. முறையிட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

இவ்வாறு குடிமக்களற்ற கோமகனாய் அவன் வாழ்ந்து வருகையில், ஒரு நாள் துறைமுகத்துக் கரிமலையின் அடிவாரத்தில், ஒரு காது நிமிர்ந்தும் மறுகாது மடிந்தும், கரிக்கட்டைக்குக் கண் முளைத்தாற்போல் கிடந்த குட்டி ஒன்று எழுந்து அவன் பின்னே வந்தது. அவன் நின்றான், அதுவும் நின்றது. “போ” என்றான், போகவில்லை. “சரி, வா” என்றான், வந்தது. தன் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் இன்னோர் உயிரின் கால்களை அசைத்ததைக் கண்ட அக்கணத்தில் சுப்பராயனின் மார்புக்குள் முரசங்கள் அதிர்ந்தன; சங்குகள் ஊதின; யானைகள் பிளிறின. வெளியே பார்த்தவர்களுக்கு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டது மட்டுமே தெரிந்தது. கப்பல் தலைவர்களை அந்தக் கரையார் எப்படி அழைத்தார்களோ அந்தப் பெயரையே, கப்பித்தான் என்று, அவன் அதற்குச் சூட்டினான்.

கப்பித்தான் வீட்டினுள் எழுந்தருளிற்று. எழுந்தருளிய அன்றே புஷ்பவல்லியின் கோரைப்பாயில் ஓர் ஏரியை உண்டாக்கிற்று. மறுநாள் மடித்து வைத்த மஞ்சள் சேலையின்மீது ஒரு குளம். அதன்பின் அம்மியடியில், அரிசிப்பானையருகில், புதுவலையின் நடுவில் என்று, நாடெங்கும் நீர்நிலை அமைத்து நற்பெயர் பெற்ற பெருவேந்தர்களைப்போல் அது ஓய்வின்றி உழைத்தது. கண் விழித்ததும் ஒருமுறை, கஞ்சி குடித்ததும் ஒருமுறை, அதை இரு கைகளிலும் ஏந்தி, சொட்டச் சொட்டக் கடலோரத்துக்குச் சுப்பராயன் ஓடிய ஓட்டங்கள் தனிக் காண்டமாய்ப் பாடத் தக்கவை. அந்தப் போரில் அவன் வென்றான், ஓரளவுக்கு.

ஆனால் விதி வேறிடத்தில் வலை விரித்திருந்தது. ஒரு காலையில், தான் வெயிலில் பரப்பிவிட்டு வந்த நெத்திலிப் பாயின் நட்டநடுவில், சுற்றிலும் வெறும் பாயே எஞ்சியிருக்க, வயிறு பறைபோல் உப்பி, நான்கு கால்களும் வானை நோக்க, பகைவரின் கோட்டையைச் சூறையாடிய களைப்பில் உறங்கும் படைத்தலைவனாய்க் கிடந்த கப்பித்தானைப் புஷ்பவல்லி கண்டாள். கண்டவள் வாய் திறந்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வலையைக் கீழே போட்டார்கள்.

“யோவ்! இந்த நாயி இந்த வூட்ல கீதுன்னா நான் இல்ல. நான் கீறேன்னா இது இல்ல. இன்னா சொல்ற?”

“குடு மாமா” என்று ரகுபதி கை நீட்டினான். “எண்ணூர்ல எங்க சித்தப்பன் தோப்பு கீது. அங்க வுட்டுட்டு வந்துர்றேன்.”

எண்ணூர்! உப்பளங்களுக்கும் உப்பங்கழிக்கும் அப்பாலுள்ள அந்தத் தொலைநிலம்! சுப்பராயன் குட்டியைப் பார்த்தான். அது கண் விழித்து, அவனைக் கண்டு, படுத்தவாக்கிலேயே வாலால் பாயை ஒருமுறை தட்டிற்று. அப்போது அவன் உரைத்த சூளுரையைக் காசிமேடு அதற்குமுன் கேட்டதில்லை. அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதையே கேட்டதில்லை.

“இதே கப்பித்தான் உன் நெத்திலிக்கு காவ இருக்கும். ஒரு மீனத் தொடாது. வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்து பாருங்க. தொட்டுச்சுன்னா நானே எண்ணூருக்கு இட்டுகினு போறேன்!”

விண்ணோர் மலர் தூவவில்லை. ரகுபதி சிரித்தான்.

சூளுரைத்தவனுக்குப் படைக்கலம் வேண்டும். ராயபுரத்தில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பங்களாவில் சமையல் பார்க்கும் ஜாபர் என்றொரு குசினிக்காரன் இருந்தான். அந்தப் பங்களாவின் நாய், அதிகாரியின் மனைவியாகிய துரைசானி சொன்னதையெல்லாம் செய்யும் என்பது கரையறிந்த செய்தி. மீன் வாங்க வந்த ஜாபரைச் சுப்பராயன் மறித்து, நல்ல கொடுவா மீன் ஒன்றைக் காணிக்கையாய் வைத்து, வித்தை கேட்டான்.

ஜாபர் கொடுவாவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அருளினான்: “இத பாரு நைனா, நாய்க்கு நம்ம பாஷ ஏறாது. இங்கிலீசுதான் ஏறும். ‘சிட்’டுன்னா குந்தும். ‘நோ’ன்னா தொடாது. அப்பறம் ஒண்ணு கீது, அதான் பெரிய மந்திரம். ‘யூ ராஸ்கல்!’ அத்தச் சொன்னா ஆடாம அசையாம அப்பிடியே நிக்கும்.”

“அத்த எப்பச் சொல்லணும்?”

“தொரசானி தெனம் சொல்லுவாங்கோ. கொழம்புல உப்பு தூக்கலா பூட்ச்சின்னா கட்டாயம் சொல்லுவாங்கோ.”

நாய் குழம்பு வைப்பதில்லை என்பது சுப்பராயனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மும்மந்திரங்களையும் முணுமுணுத்தபடி களம் புகுந்தான்.

கவிழ்த்துப் போட்ட படகொன்றின் மறைவில், ஊராரின் கண்படாத மணற்பரப்பில் மூண்டது அந்த மாப்பெரும் போர். “சிட்!” என்று அவன் முழங்கினான். கப்பித்தான் பாய்ந்து அவன் கையிலிருந்த மீன்வாலைப் பறித்தது. மீண்டும் “சிட்!” கப்பித்தான் மணலில் குழி பறித்தது. அதன் பின்புறத்தை அவன் கையால் அழுத்தினான். அழுத்திய கை விலகியதும் அலையடித்த கட்டுமரம்போல் அது எழுந்தது. உதாரணத்தால் விளக்கினால் உணரக்கூடும் என்றெண்ணி, தானே மணலில் குந்திக் காட்டி, “சிட்!” என்று தன்னையே சுட்டினான். கப்பித்தான் மிக்க மகிழ்ச்சியுடன் வந்து அவன் மடியில் ஏறிப் படுத்து, அவன் மோவாயை நக்கிற்று. வெயில் ஏறியது, மந்திரம் தேய்ந்தது, மாவீரனின் தொண்டை கம்மியது.

தோல்வியில் துவண்டவன், மீன்வாலைப் பறிகொடாமலிருக்கத் தலைக்கு மேலே தூக்கினான். அதைத் தொடர்ந்து கப்பித்தானின் மூக்கு வானோக்கி உயர்ந்தது. மூக்கு உயர உயரப் பின்புறம் தாழ்ந்தது. தாழ்ந்து தாழ்ந்து மணலைத் தொட்டது. குந்திவிட்டது! “சிட்!” என்று அவசரமாய்ச் சொல்லி மீன்வாலைக் கொடுத்தான். மறுபடி தூக்கினான், மறுபடி குந்திற்று. அன்றிலிருந்து அவன் போர்முறை மாறியது. நெத்திலியை உள்ளங்கையில் மூடி, “நோ” என்று முகத்தெதிரே நீட்டுவான். குட்டி நக்கும், கடிக்கும், காலால் பிறாண்டும். எல்லாம் ஓய்ந்து சலிப்புற்று முகத்தைத் திருப்பும் கணத்தில் கை திறக்கும், மீன் கிடைக்கும். தொடாதவருக்கே கிட்டும் இந்த உலகநெறியைக் கப்பித்தான் மெல்ல மெல்ல உணர்ந்தது. “யூ ராஸ்கல்” என்ற பெருமந்திரத்துக்கு அது கல்லாய்ச் சமைந்து நிற்கவும் கற்றது. அந்தச் சொல்லை அவன் அவ்வளவு கனிவாய்ச் சொன்னான். படைக்குத் தேவையான மீன்களெல்லாம் தளபதியின் சொந்தத் தட்டிலிருந்தே வந்தன. அந்த நாள்களில் அவன் வெறுங்குழம்பு ஊற்றித் தின்று எழுவதைப் புஷ்பவல்லி பார்த்தாள்.

ஞாயிறு வந்தது. பாய் விரிந்தது. வெள்ளிக்காசுகளை வாரி இறைத்தாற்போல் நெத்திலி பரந்து மின்னியது. வலைப்பின்னல் விட்டு ஆடவரும், கூடை இறக்கிவிட்டுப் பெண்டிரும் திரண்டு நிற்க, சுப்பராயன் கப்பித்தானைப் பாயின் தலைமாட்டில் நிறுத்தினான்.

“சிட்!” அது குந்தியது. “நோ!” அது மூக்கைத் திருப்பியது. “யூ ராஸ்கல்!”

“யாரச் சொல்ற?” என்று புஷ்பவல்லி திரும்பினாள்.

“நாயத்தான், நாயத்தான்” என்றான் விரைந்து.

கப்பித்தான் சமைந்தது. கடற்காற்று நெத்திலியின் நறுமணத்தை அள்ளி அள்ளி அதன் மூக்கில் கொட்டியது. அதன் மூக்கு துடித்தது. முன்கால்கள் நடுங்கின. வாயின் இருபுறமும் இரண்டு எச்சில் இழைகள் இறங்கி மணலைத் தொட்டன. ஐம்புலன்களும் ஒன்றுகூடிக் கலகம் செய்ய, அவற்றைத் தனியொருவனாய் அடக்கி ஆளும் தவசியைப்போல் அது வீற்றிருந்தது. ரகுபதியின் உதட்டிலிருந்த சிரிப்பு, வெயிலேற ஏற, கருவாட்டைப்போலவே உலர்ந்தது. “அட, தொடல பாரேன்” என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். சுப்பராயன் கைகளைக் கட்டி நின்றான்.

அப்போது வந்தன காக்கைகள். மீன்கூடத்துக் கூரைகளிலிருந்தும், கப்பல் பாய்மரங்களிலிருந்தும், எவரும் அழைக்காமலே, கருமேகம் பிளந்து கொட்டியதுபோல், கூரிய அலகுகளை வேலாய்ப் பிடித்து, “கா” என்னும் போர்முழக்கம் கரையதிர, வந்திறங்கின. முதற்காக்கை கப்பித்தானின் முன்காலருகிலேயே ஒரு மீனைக் கொத்திப் பறந்தது. இரண்டாவது அதன் வாலை மிதித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கியது. கப்பித்தானின் கண்கள் ஒவ்வொரு மீனையும் வானம்வரை வழியனுப்பின. கழுத்து அசையவில்லை. சொல்லப்பட்டது குந்து என்பது, அது குந்தியிருந்தது.

“மாமா! நாய எயுப்பு! ஓட்டச் சொல்லு!” என்று ரகுபதி கத்தினான்.

ஒரு சொல் போதும். நாயை எழுப்பும் சொல் சுப்பராயனின் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆயினும், கடலிலும் கரையிலும் வீட்டிலும் வாசலிலும் இதுநாள்வரை அவன் சொன்ன சொல்லெல்லாம் காற்றோடு போயிருக்க, ஊர் முழுதும் பார்த்து நிற்கையில், பசித்த வயிறும் வழியும் வாயுமாய், காக்கைகள் வாலை மிதிக்கவும் பொறுத்து, அவன் சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஓர் உயிர் அவன் முன்னே நடுங்கியபடி அமர்ந்திருக்கும்போது, அந்தச் சொல்லை அவனே எப்படித் திரும்பப் பெறுவான்? தோளிலிருந்த துண்டை உருவினான். “ஊ! ஊய்! ச்சூ!” என்று வீரமுழக்கமிட்டுத் தானே பாய்ந்தான். பாயை வலம் வந்தான், இடம் வந்தான், கிழக்கே விரட்டினால் மேற்கே இறங்கின, மேற்கே பாய்ந்தால் கிழக்கே கொத்தின. துண்டு சுழன்றது, வேட்டி அவிழ்ந்தது, ஒரு கையால் அதைப் பற்றிக்கொண்டு மறுகையால் போரிட்டான். தோளில் காக்கையொன்று வெண்முத்திரை பதித்தது. இந்தக் கடும்போரின் நடுவே, அரியணையில் அமர்ந்து படை பொருதுவதைப் பார்க்கும் பேரரசரைப்போல், கப்பித்தான் குந்தியிருந்தது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புஷ்பவல்லி சிரிக்கவில்லை. பறந்த காக்கையொன்றின் அலகிலிருந்து நழுவிய நெத்திலி, கப்பித்தானின் இரு முன்கால்களுக்கும் இடையில் விழுந்து கிடந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கிடந்தபடியே கிடந்தது. அவள் அருகில் வந்து குனிந்து, அதை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, துன்னு.”

கப்பித்தான் மீனைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி, ஒரு கையில் வேட்டியும் ஒரு கையில் துண்டுமாய் ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தது.

“துன்னுடா சாமி, நாந்தான சொல்றேன்.”

தின்னவில்லை. கூட்டத்தின் சிரிப்பு அடங்கியது. புஷ்பவல்லி நிமிர்ந்தாள்.

“இங்க வாய்யா. நீ சொன்னாதான் துன்னுமாங்காட்டியும். நீயே சொல்லு.”

சுப்பராயன் நின்றான். மூச்சிரைத்தது. மனைவியும் மைத்துனனும் மக்கள் அனைவரும், ஏன், கூரையேறிய காக்கைகளும்கூட, அவன் வாயையே நோக்கிக் காத்திருந்தனர். ஜாபர் அருளிய மந்திரங்கள் மூன்றிலும் இதற்கான சொல் இல்லை. தேடித் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

“துன்னு கண்ணு” என்றான், தனக்கே கேட்காத குரலில்.

கப்பித்தான் தின்றது. “கெடந்துட்டுப் போவட்டும், இங்கியே” என்றாள் புஷ்பவல்லி, யாருக்கென்றில்லாமல். எண்ணூர் தோப்பைப் பற்றி ரகுபதி அதன்பின் வாய் திறக்கவில்லை. நால்வகைப் படையும் நாணித் தலைகவிழ, திசையெட்டும் வெற்றிச் சங்கம் ஒலிக்க, காசிமேட்டுக் கரைமீது தன் ஆணைச்சக்கரத்தை ஒருமுறையேனும் உருட்டிய அந்தப் பெருவீரன், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

அதற்குள் காக்கா திரும்ப வந்துவிட்டதால், சாயங்காலம்வரை அவனே ஓட்டிக்கொண்டிருந்தான்.