தராசு மிசியும் என் உடம்புக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே என் பொறுமையை அதிகம் சோதித்தவர் தராசு மிசிதான். இதில் இரண்டாவது இடத்துக்குக்கூட ஆளில்லை.

நானும் கணவரும் குழந்தைக்காகச் சிகிச்சை பெறப்போன ஆஸ்பத்திரியில் அவர் தாதி. எங்கள் பக்கம் தாதிமாரை மிசி என்றுதான் கூப்பிடுவோம். வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தாளில் அச்சடித்துத் தரும் மெஷின் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது; தராசு என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. அதில் ஏறாமல் டாக்டரின் அறைக்குள் ஓர் ஈகூட நுழைய முடியாது.

முதல் நாள் என் தாளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பிள்ளை, பாக்க மெல்லிசாத்தான் இருக்கிறீர். உள்ளுக்குள்ளை முழுக்கக் கொழுப்பு."

"நிறை சரியாத்தானே இருக்கு, மிசி?"

"நிறை சரி. நிறைக்குள்ளை என்ன இருக்கெண்டுதான் கேள்வி. கொழுப்புக் கூடினா ஹோர்மோன் குழம்பும். கருமுட்டையும் பழுதாகலாம்."

என் கணவர் மெல்லச் சிரித்தார். அது அவர் செய்த பிழை.

"தம்பி, கருவிலை பாதி உம்மடை. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறும்."

அவருடைய தாள் என்னுடையதைவிட மோசம். அதை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். புட்டுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போட்டேன், தம்பி நடக்கப் போனாரா, போனவர் வழியில் தேத்தண்ணிக் கடையில் ஏறினாரா என்று விசாரணை. பொலிஸ்கூட அப்படிக் கேட்டிருக்காது. ஒரு சனிக்கிழமை மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் பிரசாத வடையைக் கையில் எடுத்தேன். பின்னால் அதே குரல்.

"என்ன பிள்ளை அது?"

"பிரசாதம், மிசி."

"பிரசாதமும் எண்ணெயிலைதானே பொரிக்கிறது?"

வடையை என் கையிலிருந்து வாங்கித் தானே தின்றார். "நான் நாலு பெத்திட்டன். எனக்குப் பரவாயில்லை."

நாலு மாதம் இப்படி வதைத்தார். கொழுப்புக் குறைந்தது, தசை கூடியது. என் முட்டையையும் அவருடைய விந்தையும் ஆய்வுகூடத்தில் சேர்த்ததில் மூன்று கருக்கள் உருவாகின. அவற்றில் வடிவானதை டாக்டர் என் கருப்பையில் வைத்தார். இரண்டு கிழமை கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது.

நேரே மிசியின் அறைக்குப் போனேன்.

"தங்கச்சின்ரை கலியாணத்திலை ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனான். பாயாசமும் குடிச்சனான். அதாலைதானே போச்சு? வாயைத் திறந்து சொல்லுங்கோ."

மிசி எழும்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்து என்னை இருத்தினார்.

"இல்லைப் பிள்ளை. சில கருவுக்குள்ளையே பிழை இருக்கும். நுணுக்குக்காட்டியிலை பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா ஒட்டாது. அது நீர் திண்ட சோத்தாலை வந்ததில்லை. தம்பியாலையும் இல்லை."

"அப்ப ஏன் என்னை இந்தப் பாடு படுத்தினீங்கள்?"

"உடம்பு நல்லா இருந்தா வாய்ப்புக் கொஞ்சம் கூடும். என்னாலை செய்யக்கூடினது அது ஒண்டுதானே."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு, அழுதழுது பட்டினி கிடக்கக்கூடாது, தசை கரைந்துவிடும் என்று ஏசினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, உறையவைத்திருந்த இரண்டாவது கருவை வைத்தார்கள். மிசி என் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டு, மூச்சை எப்படி விடுவது என்று எனக்கும், வாசலில் எப்படி நிற்பது என்று என் கணவருக்கும் இடைவிடாமல் கட்டளை போட்டார். கொஞ்சம் பேசாமல் இருங்கோ மிசி என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

அந்தக் கரு தங்கியது. மகளுக்கு இப்போது ஒன்றரை வயது.

இரண்டாவது கருவை வைத்த அன்று மிசிக்கு லீவு நாள், தன் ஊரான மயிலிட்டியிலிருந்து எனக்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறார் என்று மற்றத் தாதி ஒருவர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன். மகள் பிறந்த அன்று, அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்பே அவருக்குத்தான் தொலைபேசி எடுத்தேன்.